உபயமா? உரிமையா?

ஊர்ப்புறத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் வாயிலில் நின்று சுவரைப் படித்துப் பாருங்கள். நாற்காலிகள் இன்னார் உபயம். குடிநீர்த் தொட்டி இன்னார் நினைவாக. மின்விசிறியின் இறக்கையிலேகூட ஒரு பெயர் சுற்றிக்கொண்டிருக்கும். கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் பொறித்தவர்களைக் கண்டு நகைத்தவர்கள் நாம். அதே எழுத்து பள்ளிக்கூடத்துக்குள் குடியேறியபோது மட்டும் நாம் நகைக்கவில்லை. நன்றி கூறிக் கைதட்டினோம்.

கொடையாளரைப் பழிப்பது நம் நோக்கமன்று. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராகப் பரவின. உழவரும் வணிகரும் நிலம் தந்தனர், கட்டடம் தந்தனர், சீருடை தந்தனர். பள்ளி நம்முடையது என்ற எண்ணத்தை ஊட்டிய அந்த முயற்சியை நாம் போற்றுகிறோம். ஆயினும் அன்று கருவூலம் மெலிந்திருந்தது. பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி திறப்பது பண்பு. விளைச்சல் வந்த பின்னும் அதையே அடுக்களையாக வைத்துக்கொள்வது என்ன பண்பு?

2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. (ஒரே பெயருக்குள் ‘ஸ்கூலும்’ பள்ளியும் ஒட்டுக்குடித்தனம் நடத்துவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு நிதி அளிக்கலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிப் பசித்த பிள்ளையின் உரிமையை நிலைநாட்டியதும் அந்த அரசே. ஆகவே மாற்றார் மேடையில் நின்றன்று, உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே இதைக் கேட்கிறோம்: எந்தப் பள்ளிக்குச் செல்வம் மிக்க முன்னாள் மாணவர் இருக்கிறார்? அயல்நாடு சென்று பொருளீட்டியவர் படித்த பள்ளிக்குப் பளிங்குத் தரை வரும். ஆதிதிராவிடர் நலப்பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளனவே, அங்குப் படித்துக் கூலி வேலைக்குச் சென்றவர் எதை அனுப்புவார்? தலைமுறை தலைமுறையாகப் பொருள் சேரவிடாமல் தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளை, உங்கள் பள்ளியைக் காக்கும் செல்வரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று அனுப்புவது சமநீதி ஆகாது. இருந்த மேட்டில் மேலும் மண் கொட்டுவதே கொடையின் இயல்பு. பள்ளத்தைத் தேடிச் செல்ல வரிப்பணத்தால்தான் முடியும்.

வரியின் கதையில் நம் இயக்கத்துக்கே ஒரு பாடம் உண்டு. 1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், கல்வி வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. அதே ஆண்டு, தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. எந்த வள்ளலின் உபயமும் அன்று அது, மன்றத்தின் முடிவு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அந்த உணவு 1925இல் நின்றது. ஏன் நின்றது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாதென்று மேலே இருந்த அரசு தடுத்தது. பசியை அறிந்த மன்றத்தின் கையில் திட்டம் இருந்தது, பெட்டகத்தின் சாவி வேறொருவர் மடியில் இருந்தது.

இன்று அந்தச் சாவி எங்கே? 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களை அடுக்கியது. 17ஆவது, தொடக்க, இடைநிலைப் பள்ளிகளை உள்ளிட்ட கல்வி, 20ஆவது, நூலகம். கேரளம் 1995இல் தொடக்கப் பள்ளிகளைச் சிற்றூராட்சிகளிடமும் உயர்நிலைப் பள்ளிகளை மாவட்ட ஊராட்சிகளிடமும் ஒப்படைத்தது. ஆசிரியர் ஊதியத்தை அரசே ஏற்றது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் திட்ட நிதியின் மூன்றிலொரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டிலோ, 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். அது தேவையான மாற்றமே. ஆசிரியரை உள்ளூர் ஆதிக்கக்காரரின் பிடியிலிருந்து விடுவித்தது. ஆனால் ஆசிரியரும் பாடமும் துறையின் கையிலும், ஒழுகும் கூரை ஒன்றியத்தின் தலையிலும் என்று பொறுப்பு பிளந்தது. கழிப்பறைக் கதவு உடைந்தால் தலைமையாசிரியர் இரண்டு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதுகிறார். இரண்டும் மற்றதைச் சுட்டிக்காட்டுகின்றன. இடையில் அவர் ஊர்ச் செல்வரின் வீட்டுக்கு நடக்கிறார். உபயப் பலகை பிறக்கும் இடம் இதுதான்.

மாநிலத் தன்னாட்சி கேட்டு முழங்கிய நம் குரல், மாவட்டத்துக்குக் கீழே இறங்கும்போது ஏன் கம்முகிறது? டெல்லி நம்மிடம் செய்வதை நாம் சிற்றூரிடம் செய்யலாமா? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். அத்தனை ஆண்டுகள் தனி அலுவலர்களே மன்றமாக இருந்தனர். அவர்கள் கணக்கு எழுதலாம். எந்தத் தெருப் பிள்ளை எந்த ஓடையைத் தாண்டி வருகிறது என்று மன்றத்தில் எழுந்து கேட்பவர் யார்?

தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் என விதித்து, மூன்றாண்டுக் கெடுவும் வைத்தது. பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும் என்றும், நிதி ஒதுக்கீட்டுக்கு அதுவே அடிப்படை என்றும் அதன் 22ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது 2022இல் வந்த ஏற்பாடு. அடுத்த சபைக்குச் செல்லுங்கள். உங்கள் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை ஊரார் முன் படிக்கச் சொல்லுங்கள். எந்தத் தலைப்பில், எவ்வளவு, எந்த ஆண்டு என்று கேளுங்கள். அப்படியொரு தாளே இல்லை என்று மறுமொழி வந்தால், அந்த மறுமொழியையே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையொப்பமிடுங்கள்.