சாவகச் செலவு: எரிமலையும் பசியும்

கடல் கடந்து ஒரு தீவுக்குச் செல்வோர் அங்கே எதனைக் காண்கின்றனர், எதனைக் காணாது விடுகின்றனர் என்பது பயண இலக்கியத் திறனாய்வின் முதல் வினா. இவ்வினாவை ஆராய்தற்கு யாவாத் தீவு மிகவும் ஏற்ற களமாகும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே கிழமேலாக நீண்டு கிடக்கும் அத்தீவின் முதுகெலும்பு போல எரிமலைகள் நிரல்பட நிற்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய மெராப்பி 2010ஆம் ஆண்டில் வெடித்தபொழுது முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். போரோபுதூர்ப் பெருங்கோயிலும் சாம்பலால் மூடப்பெற்றது. அச்சாம்பலே காலப்போக்கில் சிதைந்து மண்ணோடு கலந்து நெல்லை விளைவிக்கின்றது. மக்கள் மிக நெருங்கி வாழும் நிலங்களுள் ஒன்றாக யாவா விளங்குதற்கு அவ்வளமே பெருங்காரணம். அழிப்பதும் ஆக்குவதும் ஒரே மலையாதலின், அங்குச் செல்லும் செலவினன் நெருப்பைக் காண்கின்றானா, நெல்லைக் காண்கின்றானா, நெல் விளைத்தும் உண்ணப் பெறாதவனைக் காண்கின்றானா என்று வினவுதல் பொருந்தும்.

இவ்வினாவை இரு நூல்களின்பால் வைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று மணிமேகலை, மற்றொன்று ஆங்கில இயற்கையறிஞர் ஆல்பிரடு ரசல் வாலேசு 1869ஆம் ஆண்டில் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூல். காப்பியத்தையும் பயண நூலையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் தகுமோ எனின், செய்தியின் அளவால் நிறுத்தல் தகாது. செலவின் நோக்கத்தால் நிறுத்தல் தகும் என்க. சாவகம் என்பது யாவாவை மட்டும் குறிக்குமா, சுமத்திரா முதலிய பிற நிலங்களையும் தழுவுமா என்பது அறிஞரிடையே முடிவுறாத வழக்கு. பெயரொப்புமையின் வலிமை கருதி யாவா என்றே கொண்டு மேற்செல்வாம்.

காப்பியம் காட்டும் சாவகம்

மணிமேகலையில் சாவகம் முதன்முதல் அறிமுகமாகும் முறை எண்ணத்தக்கது. மணியையும் பொன்னையும் நறும்பொருளையும் உடைய நாடாக அது நம்முன் வரவில்லை. மழை பெய்யாமையால் உயிர்கள் மடியும் நாடாகவே வருகின்றது. பாண்டி நாட்டில் பன்னீராண்டு நீடித்த வற்கடம் நீங்கி வளம் பெருகியபின், ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபிக்கு இரப்பாரைக் காணோம். ஊட்டுவாரை நாடி வருவார் இன்மையால் வருந்தும் அவனிடம், மரக்கலத்தில் வந்தோர் சாவகத்தின் பசியைக் கூறுகின்றனர். உடனே அவன் கலம் ஏறுகின்றான். வாணிகம் கருதியோ புதுமை காணும் விருப்பினாலோ அவன் புறப்படவில்லை. பசித்தார் எங்கு உளரோ அங்குச் செல்லுதல் என்பதே அவன் செலவின் முழுக் காரணம்.

அச்செலவு முற்றுப்பெறவில்லை. இடையே மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுக் கலம் சென்றுவிட, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு அவன் உயிர் துறக்கின்றான். பின்னர்ச் சாவகத்துத் தவளமலையில் மண்முக முனிவன் உறைவிடத்துப் பசுவின் வயிற்றில் பிறந்து, பூமிசந்திரன் மகனாக வளர்ந்து, புண்ணியராசன் என்னும் பெயரோடு நாகபுரத்திருந்து ஆள்கின்றான். அவன் பிறந்தபின் அந்நாட்டில் மழையும் விளைவும் பொய்த்தில. முற்பிறப்பில் கைவிடப்பட்ட குழவியாகக் கிடந்த அவனுக்குப் பால் ஊட்டிக் காத்த பசுவே ஈண்டு அவனைப் பெற்ற பசு. ஒரு பிறப்பில் தொடங்கிய செலவை மறு பிறப்பில் முடித்து வைத்தது சாத்தனாரின் கதைத்திறன்.

மணிமேகலை அந்நாட்டுக்கு வான்வழியே சென்றபொழுதும் ஆசிரியர் நாட்டு வருணனையை விரிக்கவில்லை. மணிபல்லவத்தில் தன் பழம்பிறப்பை உணர்ந்த அரசன் அரசு துறக்க எண்ணுங்கால், அவள் அவனைத் தன் நாட்டுக்கே மீளுமாறு பணிக்கின்றாள். உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளித்தலே அறம் என்னும் புகழ்பெற்ற விளக்கம் இவ்விடத்தில்தான் எழுகின்றது. அவ்வறம் புகாரிலோ வஞ்சியிலோ கூறப்படாமல் சாவகத்து வேந்தனை நோக்கிக் கூறப்பட்டது என்பதைப் படிப்போர் பெரிதும் கருதுவதில்லை.

எரிமலை கூறாமை

சாவகம் பற்றிய பகுதிகளில் எரிமலை பற்றிய குறிப்பு இல்லை. இதுகொண்டு, ஆசிரியர் அந்நாட்டைக் கண்டவரிடம் கேட்டும் அறிந்திலர் என ஒருவர் வாதிடலாம். தவளம் வெண்மையைக் குறித்தலின் தவளமலை என்பது வெண்புகை சூழ்ந்த எரிமலையே என மற்றொருவர் துணியலாம். இவ்விரு வாதமும் கொள்ளத்தக்கன அல்ல. வெண்மை பனிக்கும் முகிலுக்கும் சுண்ணப் பாறைக்கும் தூய்மைக்கும் பொதுவாதலின், ஒரு பெயரடை கொண்டு நெருப்பை நிறுவுதல் இயலாது. கூறாமை மட்டும் கொண்டு அறியாமையை நிறுவுதலும் இயலாது. தாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வேண்டாதனவற்றைப் புலவர் விடுத்தல் இயல்பு.

ஆசிரியர் மழையைக் கூறினார் என்பதே ஈண்டு நோக்கற்பாலது. யாவாவின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் பருவக்காற்றை நம்பி வாழ்வன. எரிமலை மண் எத்துணை வளமுடைத்தாயினும் நீரின்றி விளையாது. ஆகவே, சாவகத்தின் உயிர்நிலை மழையில் உள்ளது எனக் காட்டியது நாட்டியல்புக்கு முரணன்று. நேரில் கண்டு எழுதினார் என்பதற்கு இதனைச் சான்றாக்கவும் யாம் துணியவில்லை. மழையும் பசியும் எந்நாட்டுக்கும் பொது.

வாலேசு கண்ட யாவா

வாலேசு 1861ஆம் ஆண்டில் மூன்று திங்களுக்கு மேல் யாவாவில் தங்கிப் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் திரட்டினார். வெப்ப மண்டலத் தீவுகளுள் இதனையே தலைசிறந்ததாக அவர் பாராட்டுகின்றார். அதன் எரிமலைகளை 38 என எண்ணித் தருகின்றார். பங்கராங்கோ, கெடே ஆகிய மலைகளில் ஏறிய பகுதி அவர் நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஏறும் உயரத்துக்கேற்ப மரஞ்செடிகள் மாறுவதையும், பத்தாயிரம் அடியை அணுகும் உச்சியில் குளிர்நாட்டுச் செடிகளின் இனங்கள் பூத்திருப்பதையும் படிப்படியாகக் காட்டி, வெப்பத் தீவின் நடுவே அவை எவ்வாறு வந்தன என்னும் வினாவுக்கு நம்மை இட்டுச் செல்கின்றார். கண்டதை மிகையின்றிக் கூறுதலும், கூறியதினின்று காரணம் தேடுதலும் ஆகிய இரு பண்பும் அவர் நடைக்கு உயிர். பயண நூல் எழுதுவோர்க்கு இப்பகுதி ஒரு பாடமாகும்.

ஆயினும், மலையைக் கண்ட அக்கண் மலையடிவாரத்து உழவனைக் கண்டதா? ஒல்லாந்தர் 1830ஆம் ஆண்டில் யாவாவில் கட்டாயப் பயிரீட்டு முறையைப் புகுத்தினர். உழவர் தம் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசு விரும்பும் கரும்பு, அவுரி போன்ற பயிர்க்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் நிலமும் உழைப்பும் அதனினும் மிகுதியாகப் பறிக்கப்பட்டன. 1849, 1850ஆம் ஆண்டுகளில் தெமாக், குரோபோகன் பகுதிகளில் பெரும் பஞ்சம் நேர்ந்தது. எரிமலை வளம் சான்ற மண்ணில் உழுதவரே உணவின்றி மடிந்தனர். இம்முறையை வாலேசு ஆதரித்து எழுதுகின்றார். மக்கள்தொகை 1850ஆம் ஆண்டில் 95 இலட்சமாக இருந்து 1865ஆம் ஆண்டில் 1 கோடியே 40 இலட்சத்தைக் கடந்ததை நல்லாட்சிக்குச் சான்றாக அவர் காட்டுகின்றார்.

இவ்வாதத்தின் குறை வெளிப்படை. மக்கள் பெருகினர் என்பது வேறு. மக்கள் வயிறார உண்டனர் என்பது வேறு. தொகை கூடிய ஆண்டுகளின் இடையிலும் முன்னும் ஒரு வட்டாரம் பசியால் அழிந்திருத்தல் கூடும். கூட்டுத்தொகை அதனை மறைத்துவிடும். செடியினத்தை உயரத்துக்கு உயரம் பிரித்துக் கண்டவர், மக்களை வட்டாரத்துக்கு வட்டாரம் பிரித்துக் காணவில்லை. வாலேசு இரக்கமற்றவர் அல்லர் என்பதையும் கூறல் வேண்டும். நூலின் இறுதியில் ஐரோப்பிய நாகரிகத்தின் ஒழுக்கக் குறையை அவரே கடிந்துரைக்கின்றார். குறை அவர் நெஞ்சில் இல்லை. எதனை ஆராயத்தக்க பொருளாகக் கொண்டார் என்பதில் உள்ளது. பூச்சி அவர்க்கு ஆய்வுப்பொருள். பசி அவ்வாறு ஆகவில்லை.

எருமையின் கதை

அதே காலத்தில் அத்தீவை வேறு கண்ணால் கண்டவர் ஒருவர் உளர். எடுவர்டு டௌவெசு டெக்கர் என்னும் ஒல்லாந்தர், யாவாவின் மேற்கே லெபாக்கில் அதிகாரியாக இருந்து, உழவர் படும் கொடுமையைப் பற்றி மேலிடத்துக்கு முறையிட்டுப் பயனின்மையால் 1856ஆம் ஆண்டில் பதவி துறந்தார். பின் முல்தாத்துலி என்னும் புனைபெயரில் 1860ஆம் ஆண்டில் ‘மாக்சு அவலார்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். ‘மிகத் துன்புற்றேன்’ என்பது அவ்விலத்தீன் பெயரின் பொருள். அதனுள் வரும் சைசா, அடிண்டா கதையில் ஓர் உழவன் குடும்பத்து எருமை மீண்டும் மீண்டும் பறிக்கப்படுகின்றது. எருமை போக உழவு போகின்றது. உழவு போகக் குடும்பமே சிதைகின்றது.

வாலேசு இந்நூலைப் படித்தவரே. நீண்டு சலிப்பூட்டுவது, இடைப்பிறவரல் மிகுந்தது என்று அதனைத் தள்ளுகின்றார். அமைப்புப் பற்றிய அவர் குறை முற்றும் தவறன்று. அப்புதினம் பல இடங்களில் கிளைத்துச் செல்வதே. ஆனால் அமைப்பின் குறையைக் கொண்டு அது கூறும் துன்பத்தையும் தள்ளிவிடுதல் திறனாய்வு ஆகாது.

பசுவின் பாலால் காக்கப்பட்டவன் அப்பசுவின் வயிற்றிலேயே அரசனாகப் பிறந்து நாட்டின் பசியைத் தீர்த்தான் என்றது மணிமேகலை. எருமையை இழந்தவன் நாட்டையும் உயிரையும் இழந்தான் என்றது முல்தாத்துலியின் நூல். இவற்றிடையே தொடர்பு எதுவும் இல்லை. எனினும் கால்நடையின் வாழ்வில் குடியின் வாழ்வைக் கண்ட பார்வை இரண்டற்கும் ஒன்றே.

முடிபு

காப்பியத்தின் குறையையும் மறைத்தல் நேர்மையன்று. சாவகத்துப் பசித்தவர் எவர்க்கும் மணிமேகலையில் பெயர் இல்லை. அவர்தம் மொழியும் உணவும் தொழிலும் நமக்குத் தெரியவில்லை. அவர் பசி, ஓர் அரசன் பிறந்த அற்புதத்தால் தீர்கின்றது. அற்புதத்தை எதிர்பார்த்து நாடு ஆளுதல் இயலாது. வாலேசு செடிக்குப் பெயர் தந்தார். முல்தாத்துலி பசித்தவனுக்குப் பெயர் தந்தார். சாத்தனார் தந்தது செலவுக்கு உரிய காரணத்தை. மூன்றும் ஒருங்கே அமைந்த நூலையே நிறைந்த பயண நூல் என்பாம்.

இன்று யாவாவுக்குச் செல்வோர் பலர். கீழ்ப்பகுதியில் உள்ள ஈசென் எரிமலையின் நீலச் சுடரைக் காண இருளில் மலையேறுவோர் அண்மைப் பத்தாண்டுகளில் பெருகினர். அவ்வழியிலேயே எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட கந்தகப் பாளங்களைத் தோளில் சுமந்து நச்சுப் புகையினூடே பள்ளத்திலிருந்து ஏறிய தொழிலாளரையும் அவர்கள் கண்டனர். சுடரைப் பற்றி எழுதியோர் பலர். சுமையின் எடையையும் அதற்குக் கிடைத்த கூலியையும் கேட்டு எழுதியோர் சிலரே. தமிழில் பயண இலக்கியத்தை ஆராயும் மாணவர், ஒரு நூல் எத்தனை இடங்களைக் கூறுகின்றது என எண்ணுவதோடு அமையாது, அவ்விடங்களில் உண்டார் யார், உண்ணாதார் யார் என்று அது கேட்டதா எனவும் ஆராய்தல் வேண்டும். அவ்வளவுகோலைச் சாவகத்து மண்ணில் நமக்கு நாட்டித் தந்தது மணிமேகலையே.