காதெலும்பையும் கேட்க வேண்டும்

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சரப்பாக்கம் பக்கம் உறுப்புதானம் புதிய பேச்சல்ல. இதயம் கேட்கிறோம், கண் கேட்கிறோம். காதெலும்பை யாரும் கேட்பதில்லை.

அது இல்லாமல் காது அறுவையைப் பழக முடியாது. காதெலும்பு என்று நான் சொல்லும் பொட்டெலும்புக்குள் முகநரம்பும் மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் பெருநாளமும் உள்காதும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கிக் கிடக்கின்றன. டிரில் சற்றே விலகி நரம்பில் பட்டால் நோயாளியின் வாய் கோணிவிடும். காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளாண்ட் வைக்கும் மாநிலம் இது. வைக்கிற கை முன்பே இறந்தவர் எலும்பில் பழகியிருக்க வேண்டாமா? ஆட்டெலும்பும் 3டி அச்சு மாதிரியும் தொடக்கத்துக்கு உதவும். ஆனால் ஆளுக்கு ஆள் மாறும் உள்ளமைப்பை ஆட்டெலும்பு காட்டாது. ஒருவர் குடைந்து முடித்த மனித எலும்போ அடுத்தவருக்கு ஆகாது; தேவை தீர்வதே இல்லை.

எலும்பு கிடைக்க இப்போதுள்ள வழி இரண்டு. உரிமை கோரப்படாத உடல்களை 1951-ம் ஆண்டு உடற்கூறியல் சட்டம் மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறது; தாமாக முன்வந்து முழு உடலையும் தருவோர் உண்டு. இதில் பெரிய நன்மை, எலும்பு விலைப்பொருளாகாமல் சட்டத்துக்குள் இருப்பது. 1985-ல் ஏற்றுமதி தடை செய்யப்படும் வரை இந்திய எலும்புக்கூடுகள் உலகெங்கும் விற்கப்பட்டதை நினைத்தால் இது சிறிய விஷயமல்ல. ஆனால் கேட்க ஆளில்லாமல் இறந்த ஏழையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்துகிறது. ஆராய்ச்சிக்கும் அந்த எலும்பு போதாது: அவருக்கு எப்போது காது மந்தமானது, என்ன மருந்து உண்டார் என்று சொல்ல யாருமில்லை. அமெரிக்காவில் 1992-ல் தொடங்கிய பொட்டெலும்புப் பதிவகம், கேள்விக்குறை உள்ளவர்களிடம் உயிரோடிருக்கும்போதே சம்மதமும் பரிசோதனைக் குறிப்புகளும் வாங்கி வைக்கிறது. இறந்தபின் தாமதமின்றி எலும்பு எடுக்கப்படுகிறது.

முழு உடல்தானம் நம் குடும்பங்களுக்குக் கடினம். கொள்ளி வைக்க உடல் வேண்டும், பதினாறாம் நாள் வரை சடங்கு உண்டு. கண்தானம் பரவியதற்கு ஒரு காரணம், உடல் குடும்பத்திடமே இருப்பது. காதெலும்பை எடுத்தாலும் முகம் மாறாது. ஆயினும் அதை மட்டும் தர விரும்புகிறவருக்குப் பழகிய வழி ஏதுமில்லை. 1994-ம் ஆண்டு உறுப்புமாற்றுச் சட்டம் சிகிச்சைக்காக எடுப்பதைப் பற்றியது, கற்பிப்பதற்கு அல்ல.

செங்கல்பட்டு வழியே செல்லும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலை விபத்துகளில் இறப்போரின் பிரேதப் பரிசோதனையின்போதே எடுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். கூடவே கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகளின் உறுப்புகளை வைத்துக்கொண்டது 1999-ல் இங்கிலாந்தின் ஆல்டர் ஹே மருத்துவமனையில் வெளிப்பட்டபோது எழுந்த கோபமே 2004-ல் அங்கே புதிய சட்டம் கொண்டுவந்தது. கேட்டு வாங்க வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் காது மந்தத்துக்காக வரும் பெரியவரிடமே, அவர் குடும்பத்தார் முன்னால் கேட்கலாம்.