தீட்டு என்ற சொல்லும் இரண்டு அறிக்கைகளும்

மலேசியத் தோட்டத்துப் பெண்களின் உடலைப் பற்றி நான் வாசித்தவற்றில் முக்கியமான இரண்டு நூல்களும் இலக்கிய நூல்கள் அல்ல. இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வறிக்கைகள். முதலாவது, மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி வசந்தி ஆறுமுகம் எழுதி 1992இல் வந்த 'விக்டிம்ஸ் விதவுட் வாய்ஸ்'. இரண்டாவது, தெனாகானித்தா அமைப்பும் பினாங்கிலிருந்து இயங்கும் பான் ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட 'பாய்சன்ட் அண்ட் சைலன்ஸ்ட்'. தமிழில் சொன்னால் 'குரலற்ற பலிகள்', 'நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டோர்'. பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு தலைப்பிலும் ஒரே கவலை: இந்தப் பெண்களின் குரல் கேட்கவில்லை.

எனக்கு இந்தத் தலைப்புகளோடு ஒரு சண்டை உண்டு. தோட்டத்துப் பெண்களுக்குக் குரல் இல்லை என்று சுங்கை சிப்புட் பக்கம் வந்து சொன்னால் சிரிப்பார்கள். பெரட்டுக் களத்தில் மண்டோரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். குரல் தாராளமாகவே இருந்தது. உடம்புக்கு ஒன்று என்றால் அந்தக் குரல் எந்தச் சொற்களில் பேசியது, அந்தச் சொற்களை யார் எழுதி வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அறிக்கைகளைவிட நம் இலக்கியம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அறிக்கைகள் செய்த வேலையை மதிக்க வேண்டும். ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோது பால் வெட்டிய பெண்கள் பலர் உரம் போடவும் மருந்தடிக்கவும் போனார்கள். குலை அறுப்பது ஆண்கள் வேலை, பம்பு சுமப்பது பெண்கள் வேலை என்றாயிற்று. அந்தப் பம்பில் இருந்தது பல இடங்களில் பாராகுவாட். குடித்தால் மாற்று மருந்து கிடையாது. தோலில் பட்டால் புண், நகம் கெட்டுப்போகும், சாரலை மூச்சில் இழுத்தால் மூக்கில் இரத்தம் வரும். அரசு இதைப் படிப்படியாக நிறுத்துவதாக 2002இல் அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 1 ஜனவரி 2020 முதல் தடை செய்தது. இந்த இழுபறியில் பெண்களின் உடம்பைச் சாட்சியமாக மேசைமேல் வைத்தவை இத்தகைய அறிக்கைகள். நம் கதைகள் அதைச் செய்யவில்லை.

ஆனால் அறிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. தலைவலி, வாந்தி, முதுகுவலி என்று அறிகுறிகள் வரிசையாக வருகின்றன. தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் படிக்கிறோம். அந்தப் பெண் 'அசதி' என்றாளா, 'கிறுகிறுப்பு' என்றாளா, 'ஒடம்பே ஏதோ மாதிரி இருக்குய்யா' என்றாளா? அட்டவணையில் அதற்கு இடமில்லை.

அந்த இடம் கதையில் இருக்கிறது. நாம் என்ன செய்தோம்? நான் வாசித்த தோட்டக் கதைகளைப் பெண்ணின் வயதுப்படி அடுக்கிப் பார்த்தேன். பெண் வயதுக்கு வருகிறாள்: பந்தல், மாமன் சீர், புட்டு. அதற்குப் பிறகு மாதாமாதம் என்ன நடந்தது என்று கதை கேட்பதே இல்லை. எவ்வளவு இரத்தம் போனது, விடிகாலை பெரட்டில் தலை சுற்றியதா, துணியை எங்கே காயப்போட்டாள், எதுவும் இல்லை. 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பத்தில் மூன்று பேருக்கு இரத்தச்சோகை என்று 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. நம் கதைகளில் அந்த மூவரில் ஒருத்தியைக்கூட நான் சந்திக்கவில்லை.

அடுத்து பிள்ளைப்பேறு. கதைக்குப் பிடித்த இடம் இது. மழை, லோரி, செம்மண் பாதை, ஆஸ்பத்திரி. பிள்ளை பிறந்ததும் கதை பிள்ளையோடு போய்விடுகிறது. பல பிரசவமும் பாரம் தூக்குவதும் கர்ப்பப்பை இறக்கத்துக்குக் காரணமாகும். பெற்றவள் 16 லிட்டர் பம்பை மறுபடி எப்போது முதுகில் மாட்டினாள் என்பது கதைக்குத் தெரியாது. நாற்பதிலிருந்து அறுபதுக்கு ஒரே தாவல். இடையில் மாதவிடாய் நிற்கும் காலம் என்று ஒன்று இல்லவே இல்லை. திடீரென்று அவள் பாட்டி, வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்குப் பதிலாக நம்மிடம் இருப்பது ஓர் உவமை. கீறப்பட்டும் பால் சுரக்கும் மரம்தான் தாய். முதல் தடவை கேட்டபோது எனக்கும் நெஞ்சு அடைத்தது. முப்பதாவது தடவையில் அலுத்துவிட்டது. உவமைக்கு இரத்தச்சோகை வராது, கர்ப்பப்பை இறங்காது. அதனால்தான் அது எழுதுபவனுக்கு வசதியாக இருக்கிறது.

இரண்டாவது அறிக்கை வந்த அதே 2002இல்தான் தமிழ்நாட்டில் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வெளிவந்தது. தலைப்புக்கே எவ்வளவு கூச்சல் எழுந்தது என்பது நமக்குத் தெரியும். அவர் சித்த மருத்துவம் படித்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உறுப்பின் பெயரை உறுப்பின் பெயராகவே சொல்லும் துணிவு அங்கே கவிதைக்குள் வந்தது. இங்கே அதே வருடம் உறுப்புகளின் பெயர்கள் ஆங்கில அறிக்கைக்குள் போய் உட்கார்ந்தன. நாம் அந்தக் கவிதைச் சண்டையை ஆர்வமாகப் பேசினோம். அறிக்கையைத் தொழிற்சங்க விஷயம் என்று ஒதுக்கினோம்.

இது வெறும் இலக்கியக் குறை இல்லை. என் பெரியம்மா பால் வெட்டியவர், பிறகு மருந்தடித்தவர். அறுபது தாண்டிய பிறகு அவருக்கு மறுபடி இரத்தம் படத் தொடங்கியது. மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பின் அப்படி வந்தால் உடனே சோதிக்க வேண்டும், கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். பெரியம்மாவுக்கு அது 'தீட்டு'. தீட்டு வந்தால் என்ன செய்ய வேண்டுமோ அதை ஒழுங்காகச் செய்தார்: நான்கு மாதம் கோயிலுக்குப் போகவில்லை. கிளினிக்குக்கும் போகவில்லை. ஏன் கோயிலுக்கு வரவில்லை என்று அம்மா துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஈப்போவில் ஒரு கிளினிக்குக்கு நான்தான் காரில் கூட்டிப் போனேன். டாக்டர் மலாயில் கேட்க, பெரியம்மாவும் மலாயிலேயே சொன்னார்: 'டாத்தாங் கோத்தோர்'. அழுக்கு வருகிறது என்று பொருள். மொழி மாறியது, சொல் மாறவில்லை. டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

13 வயது மாணவிகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி 2010இல் தொடங்கியது. கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்குப் பெண் தானே மாதிரி எடுத்துக்கொடுக்கும் ரோஸ் திட்டம் 2018இல் வந்தது. வசதிகள் வருகின்றன. ஆனால் 'கருப்பை வாய்' என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்காத பெண்ணிடம் அந்தக் குச்சியை எப்படிக் கொடுப்பது?

கதை எழுதுகிறவன் துண்டுப் பிரசுரம் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'வீட்டுக்குத் தூரம்', 'முழுகாம இருக்கா', 'வெள்ளை படுது' என்று நம் பெண்கள் ஒரு முழு அகராதியே வைத்திருக்கிறார்கள். அதில் அறிவும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. எந்தச் சொல் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது புனைவின் வேலை. அந்த இரண்டு அறிக்கைகளையும் தேடிப் படியுங்கள். படித்துவிட்டு, மருந்தடித்துவிட்டு வீடு திரும்பும் 48 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி யாராவது ஒரு கதை எழுதுங்கள். அதில் அவள் யாருக்கும் தாயாக இல்லாமல், கொஞ்ச நேரம் தன் உடம்போடு மட்டும் இருக்கட்டும்.