சாசானியப் பேரரசின் மாநிலங்கள்: கல்வெட்டும் முத்திரையும்

சாசானியப் பேரரசு கி.பி. 224 முதல் 651 வரை நிலைபெற்றிருந்தது. அதன் மாநிலங்களைக் காட்டும் வரலாற்று நூல்கள் பலவும் அந்நானூறு ஆண்டுகளுக்கும் ஒரே நிலப்படத்தைத் தந்து அமைகின்றன. அந்நிலப்படம் எச்சான்றின்மேல் எழுந்தது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்சான்று, முதலாம் சாபூர் நக்ஷி ருஸ்தமில் மும்மொழியில் பொறித்த கல்வெட்டாகும். உரோமப் பேரரசர் வலேரியன் கி.பி. 260இல் சிறைப்பட்டதன் பின்னர் எழுந்த இக்கல்வெட்டு, பாரசீகத்தில் தொடங்கிப் பார்த்தியா, ஆர்மீனியா, ஹிந்த், குஷான்சகர் எனப் பல நாடுகளை அடுக்கி, அவையனைத்தும் தமக்குத் திறை செலுத்துவன என்கிறது. நேராக ஆளப்பட்ட பகுதிகளும், அரச மைந்தர் மன்னராய் வீற்றிருந்த ஆர்மீனியா போன்ற நாடுகளும் இதில் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆகவே, இஃது அரசனின் ஆணை சென்ற எல்லையை அறிவிக்கும் பெருமிதப் பட்டியலே எனலாம். இதனை நிருவாகப் பிரிவுகளின் அட்டவணையாகக் கொள்வது பொருந்தாது.

நிருவாகத்தை அறிய உதவுவன களிமண்ணில் பதிந்த அலுவலர் முத்திரைகள். இவற்றை ரிக்கா கைசெலன் 1989இல் தொகுத்து ஆராய்ந்தார். இவற்றுள் பெரும்பாலானவை ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளுக்குரியவை. மாநில ஆளுநரான 'சகரப்', வருவாய்க் கணக்கரான 'ஆமார்கர்', வறியோர்க்காக வாதாடி நீதி வழங்கும் அலுவலர் ஆகியோரின் பதவிப் பெயர்களும் ஊர், மாநிலப் பெயர்களும் இவற்றில் காணப்படுகின்றன. ஆமார்கர் ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களுக்குப் பொறுப்பேற்றமையும் புலனாகிறது. எனவே வருவாய் எல்லையும் ஆளுநர் எல்லையும் எங்கும் ஒன்றாக இருந்தன எனக் கொள்ள இடமில்லை.

முதலாம் குஸ்ரோ (531–579) படைத்தலைமையை நான்கு திசைக்கும் நால்வரிடம் பகிர்ந்தளித்தார் என்பது தபரி முதலியோர் தரும் செய்தி. பிலிப் ஜின்யூ 1984இல் இதனை ஐயுற்று, எண் குறியீட்டின்பாற்பட்ட புனைவாகக் கண்டார். 2001இல் கைசெலன் வெளியிட்ட படைத்தலைவர் முத்திரைகள் அவ்வையத்தைப் பெரிதும் வலுவிழக்கச் செய்தன. ஆயினும் ஜின்யூவின் முடிவு தளர்ந்ததேயன்றி அவர்தம் அணுகுமுறை தளரவில்லை. பிற்கால நூலுரைக்குச் சமகாலச் சான்று வேண்டும் என்னும் அவர்தம் கோரிக்கையையே முத்திரைகள் நிறைவு செய்தன. மேலும், இம்முத்திரைகள் மெய்ப்பிப்பது படைத்தலைமையின் நாற்பிரிவை மட்டுமே. அதனைக் குடிமை நிருவாகத்தின் நான்கு பெருமாநிலங்களாக விரித்துரைப்பார் சான்றின் எல்லையைக் கடக்கின்றனர்.

மூன்றாம் நூற்றாண்டின் கல்வெட்டையும் ஆறாம் நூற்றாண்டின் முத்திரைகளையும் ஒரே தாளில் வரையும் நிலப்படம் எக்காலத்திலும் இல்லாததொரு பேரரசையே மாணவர்க்குக் காட்டும். படத்தின் கீழ் நூற்றாண்டையும் சான்றின் வகையையும் குறித்தல் ஆசிரியர்தம் முதற்கடமை என்பதே நம் துணிபு.