நீள்தண்டுப் படைக்கலங்களை அடையாளம் காணல்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் 1751ஆம் ஆண்டு வாலிகண்டபுரப் போரைக் கடந்து செல்வதில்லை. ரஞ்சன்குடிக் கோட்டையை அடுத்த அப்பகுதியில் பிரெஞ்சுத் துணைபெற்ற சந்தா சாகிபின் படையும் ஆங்கிலேயர் துணைபெற்ற முகமது அலியின் படையும் மோதின. ஆங்கிலத் தரப்பு பின்வாங்கியதை ராபர்ட் ஓர்ம் பதிவுசெய்துள்ளார். வேலென்றோ வல்லயமென்றோ சொல்லமுடியாத இரும்புத் தலை ஒன்று இவ்வட்டாரத்தில் கிடைக்குமாயின், அதனை அப்போரில் ஐரோப்பியர் விட்டுச்சென்றதெனக் கூறிவிடுவது மிக எளிது. அவ்வெளிமையையே இக்கட்டுரை ஐயுறுகிறது.

முதற்கண் காலம் பொருந்தவேண்டும். துப்பாக்கி முனைக்கத்தி பரவியதால் ஆங்கிலேய, பிரெஞ்சுக் காலாட்படைகளில் நீள் ஈட்டி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வழக்கொழிந்தது. 1751இல் களத்தில் எஞ்சியிருந்தவை, பெரும்பாலும் பதவியைக் காட்டும் கருவிகளே: அதிகாரிகளின் ஸ்பான்டூன், சார்ஜன்ட்டுகளின் ஹால்பர்ட். ஆங்கிலப் படையில் முன்னது 1786இல் கைவிடப்பட்டது. பின்னதற்கு மாற்றாக 1792இல் எளிய ஈட்டி வந்தது, அதுவும் 1830இல் நீங்கியது. எனவே அகன்ற சிறகுகளுடைய கோர்செக் போன்ற 16ஆம் நூற்றாண்டு வடிவத்தை இப்போருடன் இணைப்பது பொருந்தாது. அத்தகைய பொருள் வேறு வழியில் வந்திருக்கலாம். டேனியர் 1620 முதல் தரங்கம்பாடியில் இருந்தனர். நாகப்பட்டினம் 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. கொள்ளிடக் கரையிலிருந்து இவ்விரண்டும் தொலைவில் இல்லை.

வடிவ ஒப்புமையே இத்துறையில் பெரிதும் ஏமாற்றுவது. கோர்செக்கும் மும்முனையுடையது, திரிசூலமும் மும்முனையுடையது. ஆயின் சூலத்தின் பக்கமுனைகள் நடுமுனையோடு ஏறத்தாழ இணையாக மேல்நோக்கி வளைவன. கோர்செக்கில் நடு அலகு நீண்டு, பக்கச் சிறகுகள் விரிந்து கூர்விளிம்பு பெறும். இவ்வேறுபாட்டையும் ஒளிப்படத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்தல் கூடாது. தலையைத் தண்டோடு பிணைக்கும் முறை இன்னும் உறுதியான சான்று. ஐரோப்பியக் கருவிகள் பலவற்றில் குழலிலிருந்து நீண்ட இரும்புப் பட்டைகள் தண்டின் இருபுறமும் இறங்கி, ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கும். அப்பட்டைகள் உடைந்திருந்தாலும் அவை ஒட்டியிருந்த இடத்தில் தடம் காணப்படும். தண்டு மூங்கிலாக இருப்பது மட்டும் எதையும் மறுக்காது. தண்டு மாற்றப்படும் உறுப்பு.

உலோக ஆய்வு என்னும் பெயரால் எழும் குழப்பத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கையடக்க எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவியால் கரிமத்தை அளக்க இயலாது. ஆகவே அதன் முடிவைக் கொண்டு ஒரு தலை உருக்கா, தேனிரும்பா என்றோ, தென்னிந்திய மூசை உருக்கு என்றோ தீர்ப்பளிப்பதற்கு அடிப்படையே இல்லை. அதற்கு வெட்டுமுகத்தை மெருகேற்றி நுண்ணோக்கியில் காணவேண்டும். அது பொருளைச் சிறிதேனும் சேதப்படுத்தும். அழியாச் சோதனைகள் போதாத இடத்தில் அழிக்கும் சோதனைக்கு ஒப்புதல் கேட்பதே நேர்மை. அமிலத்தால் வருவிக்கப்பட்ட துருவும் இயந்திரச் சாணையின் சீரான கீறலும் அண்மைக்காலப் போலிகளைக் காட்டிக்கொடுக்கும் என்பது உண்மையே. ஆயினும் பழைய பொருளையும் வணிகர் சாணை பிடித்து விற்பர்.

உண்மை, போலி என்னும் இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காத மூன்றாம் வகைக்கும் இடம் வேண்டும். தஞ்சைக் கட்டாரிகளில் ஐரோப்பிய அலகுகள் பொருத்தப்பட்டிருப்பதை ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூலில் விளக்குகிறார். அலகு வெளியிலிருந்து வந்தது, பிடி இங்கே வடிக்கப்பட்டது. அப்பொருளைப் போலியென யாரும் ஒதுக்குவதில்லை. ஐரோப்பிய வடிவைப் பார்த்து உள்ளூர்க் கொல்லர் அடித்த நீள்தண்டுத் தலையையும் அவ்வாறே நோக்கவேண்டும். உடையார்பாளையம், அரியலூர் பாளையங்களின் மரபில் வந்ததெனச் சொல்லப்படும் பொருளுக்கு இவ்விளக்கம் முதலிலேயே சோதிக்கத்தக்கது.

வகைப்பாட்டில் நேரும் பிழையின் விலையைத் தஞ்சை அறியும். 1855இல் சிவாஜி மன்னர் மறைந்து அரசு கம்பெனிவசமான பின், அரண்மனைப் படைக்கலங்கள் தரம்பிரிக்கப்பட்டன. தெரிவுசெய்தவை சென்னை அருங்காட்சியகம் சென்றன. எஞ்சிய பெருந்தொகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் 1878இல் எழுதிய கட்டுரை இன்று அதற்கு முதன்மைச் சான்று. கழிக்கப்பட்டவற்றுள் எத்தகைய கலப்பு வடிவங்கள் இருந்தன என்பதை இனி மீட்கமுடியாது.

நம் விவரப் பதிவுகளும் இங்குத் திருந்தவேண்டும். ‘ஈட்டி’ என்னும் ஒரு சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பது ஒரு குறை; குந்தம், தோமரம் எனச் செய்யுட் சொற்களை அளவின்றி ஏற்றுவது அதனினும் பெரிய குறை, அச்சொற்கள் எவ்வடிவைச் சுட்டின என்பதே ஆய்வுக்குரியது ஆதலின். பெயரிடுமுன் தலையின் நீளம், எடை, குழலின் உள்விட்டம், ஆணித் துளைகளின் எண்ணிக்கை, முத்திரைக் குறி, கைமாறிய வரலாறு ஆகியவற்றைப் பதிந்துவிட்டால், பெயர் பிழையானாலும் அடுத்துவரும் ஆய்வாளர் அதனைத் திருத்த இயலும்.