சான்றிதழும் சான்றும்

இசைக்கலைஞர்தம் கையொப்பமிட்ட இசைத்தட்டுகளைத் திரட்டுவோர் பலர், பொருளைக் காட்டிலும் அதனுடன் வரும் மெய்ம்மைச் சான்றிதழையே பெரிதும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை மறுஆய்வுக்குரியது. சான்றிதழ் என்பது அதனை வழங்கியவரின் கூற்றேயன்றிச் சான்று ஆகாது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் புல்பென்’ என்னும் பெயரில் மேற்கொண்ட விசாரணை, விளையாட்டு வீரர் முதலிய புகழ்பெற்றோரின் போலிக் கையொப்பங்கள் சான்றிதழோடு விற்கப்பட்டமையை வெளிப்படுத்தியது.

பீட்டில்ஸ் குழுவின் கையொப்பங்கள் இச்சிக்கலை மேலும் தெளிவுறுத்தும். அவர்தம் உதவியாளர்களான நீல் ஆஸ்பினால், மால் எவன்ஸ் ஆகியோர் நால்வர் பெயரையும் தாமே எழுதி இரசிகர்களுக்கு வழங்கியதுண்டு. அத்தகைய தாளும் மையும் அக்காலத்தவையே. பெற்றவரின் நினைவும் பொய்யன்று. எழுதிய கை மட்டுமே வேறு.

எனவே பொருளின் அகச்சான்றே முதன்மை பெறுதல் வேண்டும். ஐயமற்ற கையொப்பங்களோடு எழுத்தமைதியை ஒப்பிடல் முதற்படி. பார்த்து வரையப்பட்ட கையொப்பத்தில் கோட்டின் விரைவு குன்றும்; நடுக்கமும், பேனா நின்றெழுந்த தடமும் தோன்றும். நால்வர் பெயரிலும் ஒரே சாய்வும் அழுத்தமும் காணப்படின் ஐயம் வலுக்கும். ஜான் லென்னன் 1980 டிசம்பர் 8இல் மறைந்தார். அதன்பின் அச்சான உறையில் அவர் கையொப்பம் இருத்தல் இயலாது.

சுவடியின் இறுதிக் குறிப்பொன்றை மட்டும் கொண்டு நூலாசிரியரைத் துணிதல் மூலபாட ஆய்வுக்கு ஒவ்வாது. அந்நெறி இங்கும் பொருந்தும். சான்றிதழும் ஆராயப்படவேண்டிய ஓர் ஆவணமே.