‘நிறுத்தாதீர்’ என்றால் மட்டும் போதுமா?

காசநோய் பற்றிய அறிவுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறும்: “மருந்தை இடையில் நிறுத்தாதீர்.” இது சரியான அறிவுரையே. இடையில் நிறுத்தினால் கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வல்லமை பெறக்கூடும். ஆனால் இவ்வறிவுரை பாதியிலேயே நின்றுவிடுகிறது என்பதே நம் குறை. மருந்து உட்கொண்டபின் உடலில் தோன்றும் எதிர்பாராத மாற்றங்களைப் பற்றி அது எதுவும் கூறுவதில்லை.

முன்பு இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. கொங்கு நாட்டு நோயாளிகள் பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கினர்; செவிலியர் அருகிலேயே இருந்தனர். 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்று இந்நிலையை மாற்றியது. அதில் 193 நோயாளிகள் இரு பிரிவாகி, வீட்டிலும் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைப் பெற்றனர். பயன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 1959-இல் வெளியான இம்முடிவால் உலகெங்கும் வீட்டுச் சிகிச்சை வலுப்பெற்றது. மாத்திரை வீட்டுக்கு வந்தது. செவிலியரின் கண்காணிப்பு அதே அளவுக்கு உடன் வரவில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் சிகிச்சை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர் செம்மஞ்சளாகிறது. இரத்தமோ என்று அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடலாம். உண்மையில் அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறமே, தீங்கில்லை. கழுத்தில் நெறிகட்டி உள்ளவருக்குச் சிகிச்சையின்போதே அது பெருக்கலாம். மடியும் கிருமிகளின் பொருள்களை உடலின் எதிர்ப்பாற்றல் தாக்குவதால் ஏற்படும் வீக்கம் அது. மருத்துவரிடம் காட்டவேண்டும், ஆனால் மருந்து தோற்றுவிட்டது என்று கொள்ளலாகாது. கால் எரிச்சலுக்குக் காரணம், ஐசோநயாசிட் மருந்தால் உண்டாகும் பி6 வைட்டமின் குறைவு. சிறிதளவு பி6 இதைத் தடுக்கும் என்பதைச் சென்னை ஆய்வு மையமே 1960-களில் காட்டியது.

இவற்றுக்கெல்லாம் ‘நிறுத்தாதீர்’ பொருந்தும். வேறு சிலவற்றுக்கு அதுவே ஆபத்து. கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். பார்வை மங்கல், சிவப்பும் பச்சையும் வேறுபடாமை ஆகியவை எத்தாம்புடால் கண் நரம்பைத் தாக்குவதைக் காட்டலாம். அப்போது அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அன்றே மருத்துவரைக் காணவேண்டும். கல்லீரல் தேறியபின் அவர் மருந்துகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்குவார்.

எனவே எது இயல்பு, எதைத் தெரிவிக்கவேண்டும், எதற்கு உடனே ஓடவேண்டும் என்ற மூன்றையும் முதல் நாளே நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லவேண்டும். கட்டளையைவிடக் காரணம் தெரிந்தவரே ஆறு மாதமும் மருந்தைத் தொடர்வார்.